மேல் ஸாவுக்கு ஓங்கிய சாட்டை

கட்டப்பனைக்கு மருமகனாகப் போகிற என் மகனுக்கு, உன் அப்பன் சொந்தக் கையால் எழுதுவது. எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் வாத்தியாரே கையெடுத்துக் கும்பிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவைத்தார் என்பது உனக்குத் தெரிந்த கதைதான். போனில் பேசியிருக்கலாம். ஆனால் இந்தப் பேச்சை நான் எடுத்தவுடனே உனக்கு டவர் போய்விடுகிறது. கல்யாண மண்டபம், பிரியாணி, கோட்டுத் துணி என்று பேசினால் மட்டும் டவர் திரும்பி வந்துவிடுகிறது. குமுளிக்கு அந்தப் பக்கத்து டவர்கள் ரொம்பப் புத்திசாலி. காகிதத்திடம் அந்த வேலை நடக்காது, ராசா.

பெண்ணின் படத்தை உன் அம்மா பக்கத்து வீடு, எதிர் வீடு, பால் ஊற்ற வருகிறவர் வரைக்கும் காட்டியாகிவிட்டது. உன்னைவிட உயரம், உன்னைவிடப் படிப்பு, உன்னைவிட லட்சணம். உன்னிடம் எதைப் பார்த்து மயங்கினாள் என்றுதான் எங்கள் இருவருக்கும் புரியவில்லை. எனக்குச் சட்டை தைக்க அளவு கொடுத்தாயிற்று. ஆனால் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு வருவேனா, தோட்டத்தில் திராட்சைக்கு மருந்தடித்துக்கொண்டு கிடப்பேனா என்பது இன்னும் தெரியவில்லை. உன் அக்கா ஸ்டெல்லா, "அவரு வந்தா நான் வரலம்மா" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவரு என்றால் நான். அவள் என்மேல் கொண்டிருக்கிற கோபம் தப்பான விலாசத்துக்கு வந்த தபால். சரியான விலாசம் எது என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கட்டிக்கொள்ளப்போகிறவளுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராதாம். நீயே அவளுக்கு இதைப் படித்துக் காட்டு. அதற்காகத்தான் உனக்குத் தெரிந்ததையும் விடாமல் எழுதுகிறேன்.

பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம் கோயில் திடலில் நடக்கிற பாடுகளின் நாடகத்தில், ஆண்டவரைத் தூணில் கட்டிச் சாட்டையால் அடிக்கிற சேவகன் அவளுக்கு மாமனாராக வரப்போகிற நான்தான் என்று அவளிடம் சொல். மீசையைப் பார்த்துக் கொடுத்த வேஷம். அடி பொய்யாகவும் தெரியக்கூடாது, உடம்பிலும் படக்கூடாது. அதற்கு ஒரு வேலைப்பாடு வைத்திருக்கிறோம். இயேசு வேஷக்காரர் முதுகில் பச்சை வாழைமட்டையை வைத்துக் கட்டி, மட்டைக்குள் சிவப்புச் சாயத்தண்ணீரைப் பையில் அடைத்து, மேலே வெள்ளை அங்கியை மாட்டிவிடுவோம். பாட்டில் நீ வாசிக்கிற கீபோர்டு மேல் ஸாவுக்கு ஏறுகிற இடத்தில் அவர் குனிவார். குனிந்தால் மட்டை மேலே வந்து நிற்கும். அந்த நொடியில் என் சாட்டை இறங்கவேண்டும். மட்டை படாரென்று வெடிக்கும், சாயம் வழியும், பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார்கள். பாட்டில் அப்படி ஐந்து இடம். மட்டை தாங்குவதும் ஐந்து அடிதான். கையை மட்டும் தூணோடு நிஜமாகவே இறுக்கிக் கட்டுவோம். அதில் ஏமாற்று வேலை கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு.

சேவகனின் தலைக்கவசம் எண்ணெய் டின்னை வெட்டிச் செய்தது. சாட்டையை ஓங்கினால் மூக்குவரை இறங்கிவிடும். கண்ணை நம்பி அடிக்க வழியில்லை, காதை நம்பித்தான் அடிக்கவேண்டும். என் காதோ, கோயில் மணிக்கும் ஐஸ் வண்டி மணிக்கும் ஒரே மரியாதை கொடுக்கிற காது. நீ ஊரைவிட்டுப் போனதற்கு முந்தின வருஷம் மேல் ஸா வருவதற்கு முன்பே இறக்கிவிட்டேன். இயேசு வேஷத்தில் இருந்த வாத்தியார் அப்போது நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். சாட்டை கன்னத்தில் சுற்றிக்கொண்டது. தூணில் கட்டுண்டபடியே திரும்பி, "யோவ், ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று கேட்டார். பிலாத்து நாற்காலியிலிருந்து சரிந்து சிரித்தான். அழ வந்த சனம் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் நீ சொன்னாய்: "அப்பா, ஒங்களுக்கு இருக்கிறது காது இல்லப்பா. கடுக்கன் மாட்டுறதுக்கு ஆண்டவர் கொடுத்த ஆணி."

சொன்னதோடு விடாமல் என் போனில் அந்த ஆப்பை ஏற்றிக் கொடுத்தாய். முதலில் தம்பூரா மாதிரி ஒரு ரீங்காரம் ஓடும். அதன்மேல் ஒரு சத்தம் வரும். அது ஸாவா பாவா என்று பார்த்து எழுத்தைத் தொடவேண்டும். சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. நடுநடுவே விளம்பரம் வந்து என் தலைமுடியைப் பற்றிக் கவலைப்படும். முதல் வாரம் முழுக்கச் சிவப்பு. அந்தப் போனைத் தோட்டத்து வாய்க்காலில் எறிய இரண்டு தடவை கை ஓங்கினேன். பிறகு எனக்கென்று ஒரு வழி கண்டுபிடித்தேன். ஸா என்றால் உன் அம்மா உட்கார்ந்தபடி பேசுகிறாள். பா என்றால் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். நி என்றால் கையில் எதையோ எடுத்துவிட்டாள். மேல் ஸா என்றால் எறிந்துவிட்டாள். இப்படிப் பிடித்ததும் பச்சை பச்சையாக விழ ஆரம்பித்தது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே, மருந்து டிரம்மின்மேல் போனைச் சாய்த்துவைத்து, கத்தரியால் கொடியை வெட்டிக்கொண்டே விளையாடுவேன். "இந்த வயசுல ரியும் கவும் படிச்சு எந்த ஊருக் கச்சேரிக்குப் போகப் போறீக?" என்றாள் உன் அம்மா. "நி," என்றேன் நான். கையில் இருந்த கூடை பறந்து வந்தது. பார்த்தாயா, ஆப்பு பொய் சொல்லவில்லை.

நீயும் கீபோர்டைத் தோட்டத்துக்கே தூக்கிவந்து பழக்கினாய். உரச்சாக்கை வேலிக் கல்லில் கட்டிவிட்டு, என் கையில் சாட்டையைக் கொடுத்து, கண்ணைத் துண்டால் கட்டினாய். "ஓங்கி நில்லுங்க. யோசிக்காதீகப்பா. நீங்க யோசிச்சா லேட்டாகிருது. மேல் ஸா வந்தா கை தன்னால எறங்கணும்." அப்படியே இறங்கியது. சாக்கு கிழிந்து உரம் கொட்டியது. உன்னைத் தோளில் தூக்கிச் சுற்றவேண்டும்போல இருந்தது எனக்கு. இடுப்பு சம்மதிக்கவில்லை.

இந்தச் சிரிப்பெல்லாம் தவக்காலத்தின் பாதிவரைதான். ஒருநாள் மத்தியானம் ஸ்டெல்லா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு தெரு தள்ளியிருக்கிற தாய்வீட்டுக்கு வர முக்காடு எதற்கு? உன் அம்மா அதை இழுத்தாள். உதடு கிழிந்திருந்தது. கழுத்தில் ஐந்து விரலும் பதிந்து ஊதா நிறமாகக் கிடந்தன. அந்த வருஷம் இயேசு வேஷம் அவள் புருஷனுக்கு. சாம்பல் புதனிலிருந்து அவர் கவிச்சி தொடவில்லை, சாராயம் தொடவில்லை, காலில் செருப்புப் போடவில்லை. முடி வளர்த்து, தாடி வளர்த்து, ஊரே அவரைச் சாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கை மட்டும் நோன்பு இருக்கவில்லை. நான் தென்னை ஓலை கழிக்கிற அருவாளை எடுத்துவிட்டேன். நீ சுவரில் சாய்ந்து நின்றாய்.

ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வைங்கப்பா கீழ. நான் ஒங்ககிட்ட ஆள் கூப்பிட வரல. திருநாள் முடியட்டும், நானே மகளிர் டேசனுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்களோ தம்பியோ அவரு மேல ஒரு விரல் வச்சீகன்னா, அவரு ஒங்கள ஒண்ணும் திருப்பி அடிக்க மாட்டாரு. என்னையத்தான் அடிப்பாரு. இது ஒங்க கோவம் இல்ல, என் ஒடம்பு." அருவாளைப் பிடுங்கி உரலுக்குப் பின்னால் போட்டாள். "சரின்னு சொல்லுங்க." சரி என்றேன். "ஏலே தம்பி, நீயும்." நீ தலையை ஆட்டினாய். நன்றாக ஆட்டினாய், நான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து நீ பழக்கின விதம் மாறியது. அப்போது எனக்கு உறைக்கவில்லை. பாட்டை விட்டுவிட்டாய். வெறும் மேல் ஸாவை மட்டும் அடித்தாய். ஒன்று, இன்னொன்று, நான் கையைப் பின்னால் கொண்டுபோவதற்குள் இன்னொன்று. "பாட்டு எங்கடா?" என்றேன். "பாட்டு முக்கியமில்லப்பா. சத்தம் வந்தா அடிக்கணும், அம்புட்டுத்தான்." தகப்பனுக்குக் காது முளைத்துவிட்ட பெருமையில் சாக்கைப் பிளந்துகொண்டிருந்தேன். ஒரு நாயை இத்தனை சீக்கிரம் யாரும் பழக்கியிருக்க முடியாது.

பெரிய வெள்ளி. திடல் நிறைய சனம். சுருளிப்பட்டியிலிருந்தெல்லாம் டிராக்டரில் வந்து இறங்கியிருந்தார்கள். மாப்பிள்ளையைத் தூணில் கட்டியது நான்தான். முடிச்சைச் சோதித்தபோது, "மாமா, போன வருசம் மாதிரி கன்னத்துல போட்றாதீக" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பாட்டு ஏறியது. முதல் மேல் ஸா. அவர் குனிந்தார், நான் இறக்கினேன், மட்டை வெடித்தது. அப்படி ஒரு பொருத்தம் எங்கள் ஊர் நாடகத்தில் வந்ததே இல்லை. ஐந்தும் ஐந்து இடத்தில். சாயம் காலடிவரை ஓடியது. டின்னுக்குள் என் முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஆறாவது வந்தது. கை தன்னால் இறங்கியது. ஏழாவதும். மட்டை தோல் தோலாக உரிந்து விழுந்துவிட்டது. ஐந்தோடு முடிந்தது என்று நினைத்து அவர் நிமிர்ந்திருந்தார். சாட்டை இப்போது எதில் விழுகிறதென்று எனக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் மாறியது. பச்சை மட்டையில் விழுகிற சத்தம் வேறு, ஈர மாமிசத்தில் விழுகிற சத்தம் வேறு. பெண்கள் ஒப்பாரியே வைத்தார்கள். "என்னமா நடிக்கிறான் பாருடி, நெஞ்சு வெடிக்குதே" என்று ஒருத்தி கதறினாள். அவர் கைக்கட்டை இழுத்து இழுத்துத் தூணையே ஆட்டினார். "மாமா! மாமா, போதும் மாமா!" அது எனக்குக் கேட்டது. உன் மேல் ஸாவும் கேட்டது. ஒரு அடி அதற்குப் பிறகும் இறங்கியது. அந்த ஒன்றை உன் தலையில் கட்டமாட்டேன். அதை அடித்தபோது ஸ்டெல்லாவின் உதடு என் கண்ணுக்குள் நின்றது. கைக்கு அது இனித்தது. அப்புறம்தான் சாட்டையை எறிந்துவிட்டு டின்னைத் தூக்கினேன். அங்கி கிழிந்து முதுகோடு ஒட்டியிருந்தது. சாயம் தீர்ந்த பிறகும் சிவப்பு வந்துகொண்டிருந்தது. தோள்பட்டையில் தோல் இல்லை. மேடையின் ஓரத்தில் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. ஒரு விரலைக் கீபோர்டுக் கட்டையின்மேல் வைத்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கீ மாட்டிக்கிச்சு, கீ மாட்டிக்கிச்சு" என்று திரைக்குப் பின்னால் எல்லாரிடமும் சொன்னாயே, நான் அங்கேதான் நின்றேன். ராசா, நீதான் எனக்குக் காது கொடுத்தாய். கீ மாட்டிக்கொண்டால் ஒரே இழுப்பாக இழுக்கும். அன்று வந்தது விட்டு விட்டு வந்தது. ஒன்று மெதுவாக, ஒன்று அழுத்தமாக. சாட்டையைப் பின்னால் கொண்டுபோய் ஓங்குகிறவரை அந்தச் சத்தம் எனக்காகக் காத்திருந்தது. மாட்டிக்கொண்ட கீ யாருக்கும் காத்திருக்காது. இருட்டுவதற்குள் நீ குமுளி பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

மாப்பிள்ளை முதுகில் கட்டோடு வீட்டுக்குப் போனார். அவர் உன்னைத் தேடவில்லை, என்னைத் தேடவில்லை. அன்று ராத்திரியே ஸ்டெல்லா சொன்னது சொன்னபடி நடந்தது. பக்கத்து வீட்டார் கதவை உடைத்து அவளை இழுத்துவந்து நம் வாசலில் போட்டார்கள். முகம் ஒரு பக்கம் வீங்கி, மூக்கிலும் காதோரத்திலும் ரத்தம் உறைந்து, வாயைத் திறக்க முடியாமல் கிடந்தாள். அடித்தார் என்று மட்டும் போனில் சொன்னோம். நீயும் அதற்குமேல் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மாப்பிள்ளையின் தம்பிமார் அருவாளோடு வந்தார்கள். "எங்கடா அந்தப் பொட்டி வாசிக்கிறவன்? அவன் வெரல ஒண்ணொண்ணா எடுக்காம போக மாட்டோம்." அவர்களுக்கும் சந்தேகம் உன்மேல்தான். நான் நடைவாசலில் நின்றுகொண்டேன். "பொட்டி வாசிக்கிறவன் என்னலே செஞ்சான்? சாட்டை என் கையில இருந்துச்சு. நான்தான் அடிச்சேன், வேணும்னேதான் அடிச்சேன். வெட்டுறதுன்னா இங்கன வெட்டு." இளையவன் வீசினான். நான் ஒதுங்கியதில் தோளோடு போயிற்று. அருவாள் நிலைக்கதவில் இறங்கி மாட்டிக்கொண்டது. அவன் அதைப் பிடுங்குவதற்குள் உன் அம்மா வடித்த கஞ்சிப் பானையை அப்படியே அவன் காலில் கவிழ்த்தாள். நி, மேல் ஸா, எல்லாம் ஒரே மூச்சில். அவன் குதித்த குதியில் மற்றவன் சிரித்துவிட்டான். அதனால்தான் நான் இன்றைக்கு உயிரோடு இருந்து உனக்குப் புத்தி சொல்கிறேன். பங்குச் சாமியார் வந்து அவர்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பிப் பார்த்தால் உள்கதவைப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா நின்றாள். நான் சொன்னது முழுவதும் அவளுக்குக் கேட்டிருந்தது. வீங்கிய வாயோடு, "ஒங்க கையப் பிடிச்சுல்ல கேட்டேன்" என்றாள். என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான். அவள் டேசனுக்குத் தனியாகவே போனாள். கேஸ் கொடுத்தாள். இப்போது சின்னமனூரில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு, வாடகை வீட்டில் இருக்கிறாள். நான் தோட்டத்துக்குக் கிளம்பிய பிறகு வந்து அம்மாவைப் பார்ப்பாள். நான் திரும்புவதற்குள் போய்விடுவாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உன் விரல் போயிருக்கும், அது முதலில். பிறகு அவர்கள் கோபம் அடங்கியபோதும் சொல்லவில்லை. ஏனென்றால் நீ சொல்லுவாய் என்று இருந்தேன்.

இப்போது உனக்குக் கல்யாணம். நீ பெண்டாட்டிமேல் கை நீட்டமாட்டாய் என்று எனக்குத் தெரியும். குரல்கூட உயர்த்தமாட்டாய். என்னை மாதிரி சட்டியை எறிந்துவிட்டு அரைமணியில் சோறு கேட்கிற ரகம் இல்லை நீ. எனக்கு வேறு பயம். நீ ஒரு விரலை வைத்துக்கொண்டு அடுத்தவன் கையை ஓங்கவைக்கிற ஆள். அம்மாவைத் தூண்டிவிட்டு அவளை ஏசவைப்பாய், பிள்ளையைத் தூண்டிவிட்டு அவளை அழவைப்பாய், நீ மட்டும் ஓரமாக உட்கார்ந்து கீ மாட்டிக்கொண்டது என்பாய். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்தேகூடச் செய்வாய். அக்காவுக்கும் நல்லது என்று நினைத்துத்தானே செய்தாய்? அரை ஸ்வரம் இறங்கினால்கூடப் பிடிக்கிற உனக்கு, வேண்டாம் என்று ஒருத்தி வாய் திறந்து சொன்னது காதில் ஏறவில்லையே. பெண்டாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம். அதற்கு எந்த ஆப்பும் வேண்டியதில்லை.

போன வாரம் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தைத்த துணியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் போய், அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் நின்று, "ஆத்தா, ஸ்டெல்லா" என்றேன். திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தேன். "அப்பாதான் ஆத்தா. ஒரு வாட்டி திரும்பிப் பாரு" என்று குனிந்து சொன்னேன். அசையவில்லை. பூக்காரி ஒருத்தி அவள் கையைத் தட்டி என்னைக் காட்டினாள். தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் துணியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கேட்டேன். உன் அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை விழுந்த அறையில் இடது காது போய்விட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, இனி வராது என்று சொல்லிவிட்டார். உன்னிடம் சொல்லக்கூடாதென்று அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். "தம்பி பாட்டுக்காரன், தாங்க மாட்டான்" என்றாளாம். அந்தச் சத்தியத்தை நான் செய்யவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் இறங்கி வா. போனில் சொல்லாதே, நேரே சின்னமனூருக்குப் போ. கீ மாட்டவில்லை என்று சொல். நீ அடித்தாய் என்று சொல். துப்பினால் துடைத்துக்கொள், அடித்தால் வாங்கிக்கொள். என் கையும் ஒரு அடி தானாக அடித்தது என்பதையும் மறைக்காதே. அதற்கப்புறம் நான் வரலாமா கூடாதா என்று அவளே சொல்லட்டும். ஒன்றே ஒன்று, அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்து சொல். இடது பக்கம் உட்கார்ந்தால் அத்தனையையும் மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டி வரும். உன்னால் அது முடியாது.